வேலாயி பேரில் பறித்த கொழுந்து

ஊசிமலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் றோசாலியோடு சண்டை போடாதவர்கள் இரண்டே வகை. தொட்டில் பிள்ளைகள் ஒன்று, அவளை இன்னும் சந்திக்காதவர்கள் மற்றது. பைப்படியில் வாளி மாறினால் சண்டை. கோழி வேலி தாண்டினால் சண்டை. மாதாவுக்குப் பூ வைக்கும் முறை தப்பினால் கோயில் வாசலிலேயே சண்டை. கொழுந்து பறிப்பதில் மட்டும் அவளுக்கு ஈடு இல்லை என்பதை அவளுடைய எதிரிகளே, அதாவது ஏறத்தாழ பிரிவு முழுக்க, ஒத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஒரு நிரை முடிப்பதற்குள் அவள் இரண்டாவது நிரையில் பாதி தூரம் போயிருப்பாள்.

இப்படிப்பட்டவள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் இருந்த வேலாயியோடு மட்டும் பதினாறு வருடம் சண்டையே போடவில்லை. பாசம்தான் காரணம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். காரணம் யாகோப்பு.

யாகோப்பு றோசாலியின் புருஷன். பூனாகலைத் தோட்டத்திலிருந்து அவனுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். அங்கே இருந்தவரை அவளுடைய சம்பளத்தை அப்பா வாங்கினார். இங்கே வந்ததும் யாகோப்பு வாங்கினான். அந்த நாளில் சம்பளம் ஆபீஸ் மேசையில்தான் கொடுப்பார்கள், பெண்டாட்டி சம்பளத்துக்குப் புருஷன் கைநாட்டு வைப்பதை யாரும் குற்றமாகப் பார்த்ததில்லை. ஒருமுறை றோசாலி தானே மேசைக்குப் போய்க் கேட்டாள். சம்பளம் கொடுத்த கிளார்க் சிரித்தார்.

"அவர் கையில குடுத்தா ஒன் கையில குடுத்த மாதிரித்தானேம்மா."

யாகோப்பின் கையில் கொடுத்தது பசறை ரோட்டுச் சாராயக்கடையில் கொடுத்த மாதிரி என்பது தோட்டத்தில் நாய்க்குட்டிக்கும் தெரியும். இரண்டு பேர் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினான் என்றால், இருட்டியபிறகு ஒரு பணிஸ் ரொட்டிப் பார்சலோடு பாட்டுப் பாடிக்கொண்டு ஏறி வருவான். கைப்பிள்ளை றொஷேலுக்குப் பால்மா இருக்காது. ஒரு வருடம் பார்த்தாள் றோசாலி. பிறகு அவளே ஆபீசுக்குப் போய் வேலைப் பதிவிலிருந்து தன் பேரை வெட்டச் சொன்னாள். தோட்டத்திலே பேரை வெட்டிவிட்டார்கள் என்று புருஷனிடம் அழுதாள். நன்றாகவே அழுதாள், அவன்கூட நம்பினான்.

அதே மழைக்காலத்தில்தான் வேலாயி மலையில் தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்தாள். புருஷன் செத்து, சின்னப் பையன் ஒருவனோடு இருந்தவள். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்டவர் எப்படிப் போட்டாரோ, கட்டு அவிழ்த்தபோது கை ஒரு பக்கமாய்த் திரும்பியே நின்றது. தேங்காய்கூடத் துருவ முடியாத கையை வைத்துக்கொண்டு கொழுந்து எங்கே பறிப்பது? பறிக்க ஆள் போகாத காம்பராவைத் தோட்டம் திரும்பக் கேட்கும். கேட்டால் தாயும் பிள்ளையும் ரோட்டில்தான்.

ஒருத்திக்குக் கை இருந்தது, பேர் வைத்துக்கொள்ள முடியவில்லை. மற்றவளுக்குப் பேர் இருந்தது, கை இல்லை. பைப்படியில் இரண்டு வாளி நிறைவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். றோசாலி வேலாயி பேரில் மலைக்குப் போவாள். சம்பள நாளில் வேலாயி மேசைக்குப் போய் வாங்கி, அடுப்படிச் சுவருக்கு மேலால் நீட்டுவாள். காம்பராவும், அந்தப் பேருக்குத் தோட்டம் கொடுக்கிற அரிசியும் மாவும் வேலாயிக்கு. யாகோப்பு கேட்டால், அக்காவுக்கு உதவிக்குப் போகிறேன், அரிசியும் மாவும் தருகிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஊழியர் சேமலாப நிதிக்கென்று சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு பிடிப்பார்களே, அது என்ன கணக்கு என்று வேலாயிதான் கேட்டாள். றோசாலிக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. கிழவியான பிறகு கிடைக்கிற காசைப் பற்றி அவளுக்கு என்ன கவலை?

"அந்த எட்டு ஒங்களுக்கே இருக்கட்டும் அக்கா. பேர்க்கூலின்னு வச்சுக்கங்க," என்றாள்.

பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டதாக அவளுக்குள் ஒரு நினைப்பு. அந்த எட்டுக்கு மேலே கம்பனி தன் பங்குக்கு எவ்வளவு போடும் என்று அவளும் கேட்கவில்லை, வேலாயியும் கேட்கவில்லை. சம்பளத்தில் பிடித்ததெல்லாம் போனது போனதுதான் என்று நினைக்கிற சனம். சங்கச் சந்தா பிடிப்பு, தீபாவளி முற்பணப் பிடிப்பு, கோயில் பிடிப்பு, அதோடு அதுவும் ஒரு பிடிப்பு.

மலையில் ஆள் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்? அவருக்கு வேண்டியது கொழுந்து. கிறிஸ்மசுக்கு ஒரு சேவல் போனது, அவர் கண்ணை மூடிக்கொண்டார். நிறுவையில் "வேலாயி" என்று கூப்பிட்டால் றோசாலி "இருக்கேங்க" என்று சாக்கைத் தூக்கிவைப்பாள். அது எந்த அளவுக்குப் பழகிப்போனது என்றால், ஒருமுறை பதுளை ஆஸ்பத்திரியில் நேர்ஸ் யாரோ ஒரு வேலாயியைக் கூப்பிட, றோசாலி துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய் நின்றாள்.

அந்தக் காசில்தான் றொஷேல் படித்தாள். அந்தக் காசில்தான் கூரைக்குத் தகரம் மாற்றினாள். யாகோப்பு இடையில் மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே தங்கிக்கொண்டான், கணக்கப்பிள்ளை அவன் பேரை வெட்டாமல் விட்டதால் காம்பரா தப்பியது. கிறிஸ்மசுக்கு வருவான், கையில் இருப்பது தீர்ந்தாலும் வருவான். சம்பளம் மேசையை விட்டு பேங்குக்கு மாறியபோதும் வேலாயி ஒரு சதம் குறைக்காமல் எடுத்துவந்து கொடுத்தாள். தன் பேரைத் திரும்பப் பதிந்தால் யாகோப்பு மோப்பம் பிடித்து வருவான், வேலாயியும் ரோட்டுக்கு வருவாள் என்று றோசாலி ஏற்பாட்டை மாற்றவில்லை. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், வேலாயி திருடி இல்லை என்பதற்காக. பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு அவளைத் திட்டத் தோன்றும். திட்டுங்கள், ஆனால் இதையும் நினைவில் வைத்துக்கொண்டு திட்டுங்கள்.

போன வருடம் வேலாயியின் மகன் யோகராஜ் கல்யாணம் முடித்தான். முடித்த கையோடு, அம்மா அம்பது தாண்டியாச்சு, பேரை எடுத்து சேமலாப நிதிக் காசை வாங்குங்க, ஆட்டோ எடுக்கணும் என்று நச்சரிக்கத் தொடங்கினான். காம்பராவுக்கு மருமகள் பேரைப் பதிந்துவிட்டு வேலாயி தன் பேரை எடுத்தாள். றோசாலியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் வழக்கம்போல் வந்து நின்றவளிடம், அந்தப் பேர் இனி இல்லை என்று புதுக் கணக்கப்பிள்ளை சொன்னபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. எல்லாரும் மலைக்கு ஏற, அவள் வெறும் சாக்கோடு லயத்துக்குத் திரும்பி நடந்தாள்.

அது முதல் அடி. இரண்டாவது அடியைச் சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை றொஷேல் கொண்டுவந்தாள்.

றொஷேல் பதுளைக் கடைவீதியில் ஹபீஸ் முதலாளியின் துணிக்கடையில் வேலை செய்கிறாள். அங்கே அவள் சம்பளத்திலும் அந்த எட்டைப் பிடிக்கிறார்கள். வேலாயி அக்காவுக்கு ஆறேழு லட்சம் வந்திருக்காம் என்று லயத்தில் பேச்சு அடிபட, எட்டுக்கு அவ்வளவு எப்படி வரும் என்று றோசாலி மகளிடம் கேட்டாள். றொஷேல் தேநீரை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். நம்மிடம் எட்டுப் பிடித்தால் முதலாளி தன் கையிலிருந்து பன்னிரண்டு போடவேண்டும், அது சட்டம். இரண்டும் சேர்ந்து வருடா வருடம் வட்டியோடு வளரும். நம் பங்கைவிட அவர்கள் பங்கு ஒன்றரை மடங்கு.

றோசாலி விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். வாலைத்தான் கொடுத்ததாக நினைத்திருந்தாள், மாடே போயிருக்கிறது. நாற்பத்தைந்து ஆகிறது அவளுக்கு. ஏற்றத்தில் முழங்கால் பிடிக்கிறது. மகள் ஒருநாள் இன்னொரு வீட்டுக்குப் போவாள். கை ஓய்ந்த பிறகு யாகோப்பு முன்னால் சோற்றுக்கு நிற்கவேண்டிவரும் என்பதுதான் அவளுடைய ஒரே பயம். அந்தப் பயத்துக்கு மருந்து பக்கத்துக் காம்பராவில் இருந்தது, அதுவும் அவள் கையாலேயே பறித்த மருந்து.

தேநீரை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனாள். முதலில் மரியாதையாகத்தான் கேட்டாள், எட்டை நான் கொடுத்தேன், அது உங்களுக்கு, பன்னிரண்டை நான் எப்போது கொடுத்தேன் என்று. வேலாயி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கம்பனி வேலாயிக்குத்தான் போட்டுச்சு. நீ வேலாயியா?"

"மலையில பதினாறு வருசமா வேலாயின்னு கூப்பிட்டா யாருடி வந்து நின்னா?" என்றாள் றோசாலி. 'அக்கா'வும் 'நீங்க'வும் அந்த 'டி'யோடு போயின, முகத்துக்கு நேரே திரும்பி வரவே இல்லை.

அதன்பிறகு அந்த லயத்தில் நடந்தது சண்டை அல்ல, யுத்தம். றோசாலி துவைத்த தண்ணீரைப் பக்கத்து வாசலுக்கே ஊற்றினாள். வேலாயி அடுப்புச் சாம்பலைக் காற்று பார்த்துக் கொட்டினாள். கோழிகள் இரண்டு பக்கமும் உதை வாங்கின. யோகராஜ் போகிறபோதும் வருகிறபோதும், ஊரான் உழைப்பில் சாப்பிடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை என்று சுவரைப் பார்த்துச் சொல்வான். அவன் குழந்தையாய் இருந்தபோது சாப்பிட்டதே யார் உழைப்பில் என்று றோசாலி அதே சுவரைப் பார்த்துத் திருப்பிக் கேட்பாள். இரண்டு காம்பராவுக்கும் நடுவிலிருந்த அந்தச் சுவருக்கு மட்டும் காது இருந்திருந்தால் அதுவே பேரை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

லயத்துச் சனம் யார் பக்கம்? யார் பக்கமும் இல்லை என்றார்கள், ஆனால் முறைத்தது றோசாலியைத்தான். இன்னொருத்தி பேரில் மலைக்குப் போகிறவள் அவள் ஒருத்தியா என்ன? நோய்க்காரத் தாய் பேரில் மகள் போகிறாள், பிள்ளை பெற்ற அண்ணி பேரில் நாத்தனார் போகிறாள். இந்தக் கதை ஆபீசுக்குப் போனால் எல்லாருடைய பேரையும் கிண்டுவார்கள். பதுளையில் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம் என்று றொஷேல் சொன்னபோது றோசாலிக்கே அது புரிந்தது. அங்கே போனால் நானும் பொய்ப்பேரில் நின்றவள்தான் என்று முதலில் எழுதிக்கொடுக்க வேண்டும். பத்துக் காம்பராவுக்குக் கேடு செய்தபிறகு பைப்படியில் யாரும் அவளுக்கு ஒரு வாளி தண்ணீர் விடமாட்டார்கள்.

மிச்சம் இருந்தது தொழிற்சங்கத் தலைவர். பிரிவில் எந்த வழக்கும் அவர் முன்னால்தான் தீரும். அவர் றோசாலியை உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புருஷனோடு வா என்றார். கட்டினவன் உயிரோடு இருக்கும்போது பொம்பளை தனியாக வந்து நியாயம் கேட்கிற வழக்கம் இங்கே இல்லை, நாளைக்கு ஒன்று நடந்தால் பொறுப்பு யார் என்றார்.

றொஷேல் போனிலேயே அழுதாள். "அம்மா, அப்பாவ மட்டும் கூப்பிடாதீங்கம்மா."

பொம்மை மாதிரி வந்து நின்றால் போதும், பொம்மைக்கு மூளை எதற்கு என்று றோசாலி சொல்லிவிட்டாள். கோபக்காரிக்கு ஒரு கண்தான். அந்த ஒரு கண்ணும் வேலாயி மேலேயே இருந்தது. பதினாறு வருடம் யாரிடமிருந்து காசை ஒளித்தாளோ, அவனைத் தானே போன் போட்டுக் கூப்பிட்டாள். காசு எவ்வளவு வரும் என்றுகூடச் சொல்லித்தொலைத்தாள்.

யாகோப்பு மறுநாளே மொனராகலை பஸ்ஸில் வந்து இறங்கினான். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் ஒரு கட்டுக் கரும்பு. வாயில் வாடை இல்லை. வாடி இளைத்துவிட்டாயே என்று பெண்டாட்டியைக் கேட்டான். இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி. பக்கத்துக் காம்பராவைப் பார்த்துப் பல்லைக் கடித்தான், என் பெண்டாட்டி உழைப்பு என்று நெஞ்சில் தட்டிக்கொண்டான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். றோசாலிக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தாலும் தன் பக்கம் பேச ஒரு ஆள் இருக்கிறது என்பது அவளுக்குக் கொஞ்சம் இனித்தது, அந்தக் கரும்பைப் போலவே.

ஞாயிறு பூசை முடிந்து, தொட்டில் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பரா முற்றத்தில் சனம் கூடியது. தலைவர் கதிரையில். ஒரு பக்கம் வேலாயியும் மகனும், மறுபக்கம் றோசாலியும் யாகோப்பும். றொஷேல் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். றோசாலி நடந்ததைச் சொன்னாள். வேலாயி எழுந்து, இவள் சொல்வது அத்தனையும் பொய், என் பேரில் நானேதான் பறித்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தலைவர் சனத்தைப் பார்த்து, யாராவது கண்டீர்களா என்று கேட்டார். தினம் தினம் அவள் பக்கத்து நிரையில் பறித்தவர்கள் எல்லாரும் மலையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

றோசாலிக்குத் தலைக்கேறியது. முற்றத்து ஓரமாய் இருந்த தேயிலைச் செடியில் கொழுந்தோடு ஒரு வாதுக் கிளையை ஒடித்துவந்து வேலாயியின் மடியில் போட்டாள்.

"பறிக்கட்டும் தலைவரே. நாலே நாலு கொழுந்து பறிச்சுக் காட்டட்டும். நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்."

வேலாயி இடது கையை எடுத்தாள். வலது கை, வலது கை என்று சனத்திலிருந்து யாரோ சொன்னார்கள். அவள் வலது கையை எடுத்தாள். விரல்கள் கொழுந்துவரைக்கும் போயின, மணிக்கட்டு திரும்பவில்லை. இன்னொருமுறை முயன்றாள். வாது மடியிலிருந்து வழுக்கி மண்ணில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமலே இருந்துவிட்டாள்.

 றோசாலி ஜெயித்துவிட்டாள். ஆனால் அந்தக் கைக்கு எண்ணெய் தடவி நீவிவிட்டவள் அவள்தான். கட்டுப் போட்டிருந்த நாளில் அவளுக்குத் தலை பின்னிவிட்டவளும் அவள்தான். அந்தக் கையை ஊர் முன்னால் அவிழ்த்துக்காட்டித்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது என்பதில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்கிற பழக்கம் அவளுக்கு ஏது?

தலைவர் நியாயம் சொன்னார். எட்டுப் பங்கு பேச்சுப்படி பேர்க்கூலி, அது வேலாயிக்கு. பன்னிரண்டு பங்கு கம்பனி கொழுந்துக்குப் போட்டது, கொழுந்து றோசாலியுடையது, ஆகவே அது அவளுக்கு. யோகராஜ் குதித்தான். தலைவர் ஒரு அதட்டுப் போட்டார், உட்கார்ந்தான்.

 பசறை பேங்கில் தன் பேரில் ஒரு புத்தகம், அதில் யாரும் தொடாத காசு, கை ஓய்ந்தபிறகு ஒருவன் வாசலிலும் நிற்காத ஒரு கிழவி, இவ்வளவும் ஒரு கணம் றோசாலியின் கண்ணுக்குத் தெரிந்தன. தலைவர் யாகோப்பின் பக்கம் திரும்பினார். நாளைக்குக் காலையில் வேலாயி பேங்குக்கு வருவாள், நீ போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள் என்றார். யாகோப்பு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். மொனராகலையில் ஒரு காணி பார்த்துவைத்திருப்பதாகவும், பழைய டிராக்டர் ஒன்று மலிவாக வருவதாகவும் பக்கத்தில் நின்றவனிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"என் கையில குடுக்கச் சொல்லுங்க தலைவரே," என்றாள் றோசாலி.

தலைவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. "கல்லு மாதிரி புருஷன் நிக்கிறான். அவன் கையில குடுத்தா ஒன் கையில குடுத்த மாதிரித்தானேம்மா."

ஆபீஸ் மேசை, கிளார்க்கின் சிரிப்பு, கைநாட்டு, பணிஸ் பார்சல். எல்லாம் அப்படியே திரும்பி வந்து அவள் முன்னால் நின்றன. பதினாறு வருடம் அவள் முதுகில் மழை வாங்கியது எதற்காக? இந்தக் கைக்குப் போகாமல் இருப்பதற்காகத்தான். யாகோப்பைப் பார்த்தாள். அவன் டிராக்டருக்கு எத்தனை சில்லு என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தான்.

"பொய் சொன்னேன் தலைவரே," என்றாள்.

யாகோப்பு விரலை மடக்காமலே திரும்பினான்.

"அக்கா கையாலதான் அக்கா பறிச்சாங்க. கை இந்த மழைக்குத்தான் இப்பிடி ஆச்சு. எனக்கு வயித்தெரிச்சல், அதான் சொன்னேன். ஒரு சதமும் எனக்கு உரித்தில்ல."

பொய் என்று முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும். கூடியிருந்த பெண்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாகோப்புதான் துள்ளினான். இவளுக்குப் பைத்தியம், எனக்குத் தெரியும், இவள்தான் பறித்தாள் என்று கத்தினான். தலைவருக்கு ஏற்கெனவே கோபம், அத்தனை பேருடைய ஞாயிற்றுக்கிழமையையும் வீணாக்கியாயிற்று.

"நீ மொனராகலையில கெடந்தவன். ஒனக்கு என்னய்யா தெரியும்?"

பொய் வழக்குக் கொண்டுவந்ததற்கு முறை உண்டு. ஊர் முன்னால் கைகூப்பி மன்னிப்புக் கேட்கவேண்டும். றோசாலி போய் வேலாயி முன்னால் நின்று கைகூப்பினாள். வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்காதவள், தன் காசை எடுத்தவளிடம் கேட்டாள். வேலாயி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

காம்பராவுக்குள் போனதும் யாகோப்பு கையை ஓங்கினான். அவள் அடுப்பிலிருந்து பாதி எரிந்த விறகை உருவிக்கொண்டு நின்றாள், அடி என்றாள். அவன் அடிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பஸ்ஸுக்குப் போய்விட்டான், மிச்சமிருந்த கரும்பையும் தூக்கிக்கொண்டு.

அவன் போனதைப் பார்த்திருந்து வேலாயி வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. ஆட்டோவுக்கு மகன் முன்பணம் கட்டிவிட்டான், என் கையில் எதையும் விடுவதில்லை, எனக்கு மட்டும் மனசு இல்லையா என்று என்னென்னவோ சொன்னாள். மகன் கையில் கொடுத்தால் தன் கையில் கொடுத்த மாதிரி என்று அவளுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். றோசாலி கூட்டிக்கொண்டிருந்த ஈர்க்குமாற்றை நிறுத்தவில்லை.

"ஒனக்குக் குடுத்தேன்னு நெனைக்காத. அவனுக்குக் குடுக்காம விட்டேன், அவ்வளவுதான். இனி இந்த வாசலுக்கு வராத."

வேலாயி திரும்பிப் போனாள். றோசாலி அன்றைக்கு வாசலை மூன்று தடவை கூட்டினாள். கோபத்திலா அழுகையிலா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஆட்டோ வந்தது. சிவப்பு நிறம், முன்னால் மாலை, உள்ளே பாட்டு. ஒருநாள் காலை பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தவள் பக்கத்தில் யோகராஜ் நிறுத்தி, பசறை வரைக்கும்தானே, ஏறுங்க சித்தி, கூலி வேண்டாம் என்றான். தாய் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

"என் ஆட்டோவுல என்னை ஏத்திக்கிட்டுப் போக ஒனக்கு எதுக்குடா கூலி?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். அவன் மெதுவாகப் பின்னால் வந்தான், பிறகு முந்திக்கொண்டு போனான். வளைவு வளைவாக அந்தப் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் அன்றைக்குப் போனது பதுளைக்கு. ஹபீஸ் முதலாளியின் கடையில் தேநீர் போட்டுக் கடை கூட்டுகிற பெண் குவைத்துக்குப் போய்விட்டாள், அந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று றொஷேல் சொல்லியிருந்தாள். முதலாளி சம்பளத்தைச் சொன்னார். வயசும் போயிற்று, பிடிப்பு ஒன்றும் வேண்டாமே, முழுக் காசையும் கையிலேயே தந்துவிடுகிறேன், உனக்குத்தான் லாபம் என்றார். அவருக்கு எது லாபம் என்பது றோசாலிக்கு இப்போது தெரியும். பதினாறு வருடச் சேமலாபத்தைக் கொடுத்துப் படித்த பாடம்.

"பிடிங்க முதலாளி. எங்கிட்ட எட்டப் பிடிங்க, நீங்க பன்னெண்டப் போடுங்க. என் பேருல போடுங்க."

கடைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்த றொஷேல் தலையைக் குனிந்துகொண்டாள். ஹபீஸ் முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு றோசாலியைப் பார்த்தார்.

"நீ வேலைக்கு வந்தியா புள்ள, சண்டைக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்."

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். பேர் என்ன என்று கேட்டார். பதினாறு வருடப் பழக்கம், 'வே' என்று உதடு கூடிவிட்டது. றோசாலி அதைப் பல்லில் கடித்து நிறுத்தினாள். பிறகு தன் பேரைச் சொன்னாள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், யாருக்கு யாரோடு சண்டை என்று திரும்பிப் பார்த்தார்கள்.